இரண்டு எழுத்து அடித்தாலே மீதி வந்துவிடுகிறதே: இணையப் பக்கம் எழுதும்போது ‘கோட் கம்ப்ளீஷன்’ எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும்?

இணையப் பக்கம் ஒன்றின் மூலக் கோப்பைத் திறந்து ஒரு கோணக் குறி போடுகிறீர்கள். உடனே ஒரு சின்னப் பெட்டி கீழே விரிகிறது. அதில் வரிசையாகப் பெயர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘டேப்’ விசையை அழுத்தினால் போதும், திறக்கும் குறி, மூடும் குறி எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்குப் பெயர்தான் ‘கோட் கம்ப்ளீஷன்’. தமிழில் நிரல் நிரப்பி என்று சொல்லலாம். படிவம் 5 கணினி அறிவியல் பாடத்துக்காக எச்.டி.எம்.எல். கற்பவர்கள், கோயில் திருவிழாவுக்கோ அம்மாவின் பலகார வியாபாரத்துக்கோ ஒரு பக்கம் செய்துகொடுப்பவர்கள் என்று எல்லோரும் தினமும் பயன்படுத்தும் வசதி இது.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்தப் பெட்டி நிரப்பித் தரும் சில வரிகள், நீங்கள் தமிழில் எழுதும் பக்கத்துக்குப் பொருந்தாதவை. கவனிக்காமல் விட்டால், உங்கள் பக்கம் சிலருக்குக் கேட்கவே கேட்காது. எப்படி என்று பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தைப்பிங் நகரைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் செய்கிறீர்கள். எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. 1883-இல் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகம், நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் (இன்றைய கோல செப்பெத்தாங்) இடையே திறக்கப்பட்டது. வெள்ளீயச் சுரங்கமாக இருந்த இடம் ஏரிப் பூங்காவாக மாறியது. 1937 வரை பேராக்கின் தலைநகரும் இதுதான். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

எடிட்டருக்கு எப்படித் தெரிகிறது?

மந்திரம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதும்போதே எடிட்டர் அந்தக் கோப்பை மேலிருந்து கர்சர் நிற்கும் இடம் வரை படித்துக்கொண்டே வருகிறது. கர்சர் இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான் அதன் முதல் கேள்வி. டேகின் பெயர் எழுதும் இடமா? டேகுக்குள் பண்பு எழுதும் இடமா? மேற்கோள் குறிக்குள் மதிப்பு எழுதும் இடமா? அல்லது வெறும் உரையா?

இடம் தெரிந்ததும் கையில் உள்ள பட்டியலைப் பார்க்கும். எச்.டி.எம்.எல். மொழிக்கு ஒரு பொதுத் தரநிலை இருக்கிறது. எந்தெந்த டேக் உண்டு, எந்த டேக் எந்தப் பண்பை ஏற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். படத்துக்கான ‘இமேஜ்’ டேகுக்குள் நின்றால் படம் சார்ந்த பண்புகளைக் காட்டும். இணைப்புக்கான டேகுக்குள் நின்றால் முகவரிக்கான பண்பைக் காட்டும். அவ்ளோதான்.

நம் ஊர் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தொடங்கியவர். கைப்பேசியில் தமிழ் எழுத அவர் உருவாக்கிய ‘செல்லினம்’ செயலியில் இரண்டு எழுத்து தட்டினாலே முழுச் சொல்லையும் பரிந்துரைக்கும். எடிட்டர் செய்வதும் அதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு: செல்லினத்துக்குத் தமிழ்ச் சொற்கள், எடிட்டருக்கு மொழியின் விதிகள்.

எப்போது தொடங்கியது?

பரவலாகப் பேசப்பட்ட தொடக்கம் 1996. அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் ‘விஷுவல் பேசிக்’ கருவியுடன் ‘இன்டெலிசென்ஸ்’ என்ற பெயரில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. 2006-இல் ‘விம்’ எடிட்டரின் 7-ஆம் பதிப்பில் ‘ஆம்னி கம்ப்ளீஷன்’ சேர்ந்தது. மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வேலை செய்பவர்களுக்கு எச்.டி.எம்.எல். டேக்களை அது பட்டியலிட்டது. இன்றும் விம்மில் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஓ அழுத்தினால் அந்தப் பட்டியல் வரும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் இந்த வசதியைத் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. 10 எடிட்டர், 20 மொழி என்றால் 200 முறை அதே வேலை. 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் ‘லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை அறிவித்தன. மொழியை அறிந்த ஒரு சின்ன மென்பொருள் பின்னால் ஓடும், எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். இப்போது 200 வேலை 30 ஆகக் குறைந்துவிட்டது. உங்கள் மடிக்கணினியில் இலவச எடிட்டர் ஒன்று இத்தனை மொழிகளுக்கும் பரிந்துரை தருகிறது என்றால், இந்த ஏற்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உண்மையில் என்ன லாபம்?

நேரம் மிச்சம் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய லாபம் வேறு.

எச்.டி.எம்.எல். ஒரு அமைதியான மொழி. பைத்தான் மாதிரி நிரல்மொழியில் தப்பு செய்தால் சிவப்பு எழுத்தில் திட்டும். எச்.டி.எம்.எல்-லில் எழுத்து மாறிப்போனால் பிரவுசர் ஒன்றும் சொல்லாது. இணைப்புக்கான பண்பில் ‘ஆர்’ வர வேண்டிய இடத்தில் ‘இ’ முந்திக்கொண்டால், பிரவுசர் அந்தப் பண்பைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பக்கம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இணைப்பு மட்டும் வேலை செய்யாது. எங்கே தப்பு என்று அரைமணி நேரம் தேடுவீங்க. பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தப்பே வந்திருக்காது.

இன்னும் இரண்டு இடங்களில் இந்தப் பெட்டி கைகொடுக்கும்.

முதலாவது, எழுத்துக்கூட்டல். பள்ளியில் நாம் கற்பது பிரிட்டிஷ் ஆங்கிலம். ‘கலர்’, ‘சென்டர்’ இரண்டையும் பிரிட்டிஷ் முறையில்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். ஆனால் இந்த இரண்டு சொற்களிலும் சி.எஸ்.எஸ். அமெரிக்க முறையை மட்டுமே ஏற்கும். கலரில் ஒரு ‘யு’ கூடினால் நிறம் மாறாது, பிழைச் செய்தியும் வராது. பரிந்துரைப் பட்டியலில் சரியான எழுத்து மட்டுமே இருக்கும்.

இரண்டாவது, கோப்பின் பெயர். ஏரிப் பூங்கா படத்துக்கு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்துச் சேமித்திருக்கிறீர்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதிவிட்டீர்கள். விண்டோஸ் கணினி பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. அதனால் வீட்டில் படம் தெரியும். பெரும்பாலான இணைய சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. லினக்ஸ் அந்த வித்தியாசத்தைப் பார்க்கும். பக்கத்தை ஏற்றியதும் படம் காணாமல் போய்விடும். எடிட்டர் கோப்புறையைப் பார்த்துப் பெயரை அப்படியே நிரப்பினால் இந்தப் பிரச்சினைக்கு இடமில்லை.

ஒரு ஆச்சரியக்குறி, ஒரு முழு எலும்புக்கூடு

விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரில் ‘எம்மெட்’ என்ற சுருக்கெழுத்து முறை உள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் இதன் பெயர் ‘ஜென் கோடிங்’. காலியான எச்.டி.எம்.எல். கோப்பில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு டேப் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தின் முழு எலும்புக்கூடும் வந்துவிடும்.

பட்டியல் வேண்டுமா? பட்டியல் டேகின் பெயர், ‘பெரிது’ குறி, வரி டேகின் பெயர், நட்சத்திரக்குறி, 5. இதை இடைவெளி இல்லாமல் எழுதி டேப் அழுத்தினால், ஐந்து வரி உள்ள பட்டியல் தயார். அருங்காட்சியகம், ரயில் பாதை, ஏரிப் பூங்கா, விலங்குத் தோட்டம், புக்கிட் லாருட் என்று நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

சூப்பரா இருக்குல்ல? இப்போதுதான் கவனம் தேவை.

தமிழ்ப் பக்கத்தில் சரிபார்க்க வேண்டிய மூன்று வரிகள்

*ஒன்று: மொழி வரி.* ஆச்சரியக்குறி போட்டு வரும் எலும்புக்கூட்டின் இரண்டாம் வரியில் ‘லேங்’ என்ற பண்பு இருக்கும். அதில் எடிட்டர் தானாகவே ‘இ, என்’ என்று நிரப்பியிருக்கும். இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

உங்கள் பக்கம் தமிழில் இருந்தால் இது பொய்யான தகவல். கண்ணால் படிப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் மென்பொருளில் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, எந்த மொழிக் குரலில் படிப்பது என்பதைத் தீர்மானிக்க அந்த மென்பொருள் இந்த வரியைத்தான் பார்க்கும். ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் குழப்பமான ஒலி வரலாம், சில குரல்கள் மௌனமாகத் தாண்டியும் போய்விடலாம். தமிழில் படிக்கும் குரல்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் பக்கம்தான் அவற்றைக் கூப்பிடவில்லை.

தீர்வு எளிது. தமிழுக்கு ‘டி, ஏ’. மலாய்ப் பத்திக்கு அந்தப் பத்தியின் டேகிலேயே ‘எம், எஸ்’. நம் பக்கங்களில் இரண்டு மூன்று மொழி கலந்துதான் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக மொழியைக் குறிக்கலாம், தப்பே இல்லை. ஒவ்வொரு தடவையும் மாற்றச் சலிப்பாக இருந்தால், எடிட்டரின் அமைப்புகளில் ‘எம்மெட் வேரியபிள்ஸ்’ என்று தேடுங்கள். அங்கே ‘லேங்’ மதிப்பை ஒருமுறை தமிழுக்கு மாற்றிவிட்டால், அடுத்த ஆச்சரியக்குறியில் இருந்து தமிழே வரும்.

*இரண்டு: படத்தின் மாற்று உரை.* ‘இமேஜ்’ என்று எழுதி டேப் அழுத்தினால் எம்மெட் இரண்டு பண்புகளைத் தரும். ஒன்று படத்தின் முகவரி. இன்னொன்று ‘ஆல்ட்’, அதாவது படத்துக்கான மாற்று உரை. இரண்டும் காலியாக இருக்கும். முகவரியை நிரப்பாவிட்டால் படமே வராது, அதனால் நிரப்பிவிடுவோம். ஆல்ட் காலியாகவே நின்றுவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆல்ட் பண்பே இல்லை என்றால் சோதனைக் கருவிகள் பிழை என்று காட்டும். ஆனால் காலியான ஆல்ட் விதிப்படி செல்லும். ‘இது அலங்காரப் படம், தாண்டிப் போகலாம்’ என்பதுதான் அதன் பொருள். ஆக, நீங்கள் மறந்துபோனது, வேண்டுமென்றே செய்ததுபோல் பதிவாகிவிடுகிறது. பல கருவிகள் உங்களை எச்சரிக்காது. திரைவாசிப்பான் அந்தப் படத்தை ஒருவரிடமும் சொல்லாமல் கடந்துவிடும்.

‘ஏரிப் பூங்காவில் நீரைத் தொடும்படி சாய்ந்து நிற்கும் மழைமரக் கிளைகள்’ என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

*மூன்று: பக்கத் தலைப்பு.* எலும்புக்கூட்டில் டைட்டில் என்ற இடத்தில் ‘டாக்குமென்ட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். மாற்றாமல் விட்டால் பிரவுசரின் மேலே அதுதான் தெரியும். தேடல் முடிவிலும் அதே பெயர் வரக்கூடும். ‘தைப்பிங்’ என்று தேடும் ஒருவர் ‘டாக்குமென்ட்’ என்ற தலைப்பைச் சொடுக்குவாரா?

எலும்புக்கூட்டில் தொடக்கூடாத வரியும் ஒன்று உண்டு: ‘யு.டி.எஃப்-8’ என்று இருக்கும் எழுத்துக்குறியீட்டு வரி. ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. பக்கத்தைப் படிக்கவே குறிப்பிட்ட எழுத்துரு வேண்டும். அது இல்லாதவர் கண்ணுக்குப் புரியாத குறிகள்தான் தெரியும். இன்று அந்த ஒரு வரி இருப்பதால்தான் தமிழ் எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரிகிறது. எடிட்டர் இதைத் தானாகத் தருவது நமக்குப் பெரிய உதவி.

தமிழ் விசைப்பலகையோடு எப்படிச் சமாளிப்பது?

டேக் எழுத ஆங்கில விசை, உரை எழுத அஞ்சல் அல்லது தமிழ்99 விசை. மாறி மாறி அழுத்தும்போது டேகின் நடுவில் தமிழ் எழுத்து வந்து நிற்கும். பரிந்துரைப் பெட்டியும் வராது. பட்டியலில் இருப்பதெல்லாம் ஆங்கிலப் பெயர்கள் ஆயிற்றே.

இதற்கு நடைமுறைத் தீர்வு: முதலில் ஆங்கில விசையில் எலும்புக்கூட்டை முழுசா முடித்துவிடுங்கள். தலைப்புகள், பத்திகள், படங்கள், பட்டியல் எல்லாவற்றையும் காலியாகவே அடுக்குங்கள். பிறகு தமிழுக்கு மாறி ஒவ்வொரு இடமாக நிரப்புங்கள். விசை மாற்றுவது நூறு முறையில் இருந்து ஒரு முறையாகக் குறைந்துவிடும்.

உரை எழுதிக்கொண்டிருக்கும்போது வரி மாற்ற ‘என்டர்’ அழுத்தினால், பெட்டியில் இருந்த ஏதோ ஒரு சொல் உள்ளே புகுந்துவிடுகிறதா? எஸ்கேப் விசை பெட்டியை மூடும். நிரந்தரமாக வேண்டுமானால், என்டர் அழுத்தினால் பரிந்துரையை ஏற்கும் அமைப்பை அணைத்துவிட்டு, டேப் விசைக்கு மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள். பெட்டி வேண்டும்போது கண்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினால் வரும்.

ஏ.ஐ. நிரப்பி: இது வேறு ரகம்

2021 ஜூனில் ‘கிட்ஹப் கோபைலட்’ முன்னோட்டமாக வந்தது. அதன் பிறகு இதே மாதிரி பல கருவிகள் வந்துவிட்டன. சொல்லை நிரப்புவதோடு நிற்காமல், பத்து இருபது வரியை மங்கலான எழுத்தில் எழுதிக் காட்டும். டேப் அழுத்தினால் எல்லாம் உங்களுடையது.

பழைய நிரப்பிக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம். அது விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறது. இது, பழகிய ஏராளமான நிரல்களை வைத்து, அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறது.

தைப்பிங்கில் ஒரு காலத்தில் மழை எத்தனை மணிக்குப் பெய்யும் என்று பந்தயம் கட்டுவார்களாம். புக்கிட் லாருட் மேலே மேகத்தைப் பார்த்து ஒரு நேரத்தைச் சொல்வது. தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்பதால் பெரும்பாலும் ஜெயிக்கலாம். ஆனாலும் அது பந்தயம்தான். ஏ.ஐ. நிரப்பியும் மேகம் பார்த்துத்தான் சொல்கிறது.

டேகும் பண்பும் எழுதும்போது இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆபத்து உரையில்தான். ‘பேராக் அருங்காட்சியகம் தொடங்கப்பட்ட ஆண்டு’ என்று எழுதி நிறுத்துங்கள். ஓர் ஆண்டை அது நிச்சயம் எழுதும். அது 1883-ஆக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே தெம்போடு எழுதும். உங்கள் தாத்தா வேலை செய்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது ஆபத்து இன்னும் அதிகம். அதைப் பற்றி இணையத்தில் தமிழில் அதிகம் இல்லை என்றால், அது கணிக்க மேகமே இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்றை எழுதிவிடும். நாளைக்கு அந்தத் தோட்டத்தைத் தேடும் ஒருவருக்கு உங்கள் பக்கம் மட்டுமே கிடைக்கலாம். தப்பான ஆண்டு அங்கிருந்தே பரவ ஆரம்பிக்கும்.

பாதுகாப்பும் இன்னொரு விஷயம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.ஐ. உதவியோடு நிரல் எழுதியவர்கள் பாதுகாப்புக் குறைவான நிரலை எழுதினார்கள். அதே நேரத்தில், தங்கள் நிரல் பாதுகாப்பானது என்று நம்பும் போக்கும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. வெறும் எச்.டி.எம்.எல். பக்கத்தில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. பெயர், கைப்பேசி எண் வாங்கும் படிவமும் அதற்குப் பின்னால் பி.எச்.பி-யும் வந்துவிட்டால் கதை வேறு.

இன்னொன்று: எடிட்டருக்குள்ளேயே இருக்கும் சாதாரண நிரப்பி இணையம் இல்லாமல் ஓடும். கோபைலட் போன்றவை நீங்கள் எழுதுவதை வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பித்தான் பதில் வாங்குகின்றன. கடவுச்சொல், வாடிக்கையாளர் விவரம் இருக்கும் கோப்பில் அதை அணைத்துவைப்பது நல்லது.

எஸ்.பி.எம். எழுதப் போகிறீர்களா?

படிவம் 5 கணினி அறிவியலில் இணையம் சார்ந்த நிரலாக்கம் ஒரு தனி அத்தியாயம். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. எல்லாம் அதில் உண்டு. எழுத்துத் தேர்வில் உங்கள் கையில் இருப்பது பேனா. பெட்டி எதுவும் விரியாது. மூடும் டேகை நீங்கள்தான் ஞாபகம் வைத்து எழுத வேண்டும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள்:

• புதிய டேக் ஒன்றைக் கற்கும் முதல் இரண்டு மூன்று முறை, பரிந்துரையை அணைத்துவிட்டு முழுக்கக் கையால் டைப் பண்ணுங்கள். அமைப்புகளில் ‘குயிக் சஜெஷன்ஸ்’ என்று தேடினால் அணைக்கும் இடம் கிடைக்கும். டேக் தானாக மூடுவதையும் நிறுத்திவையுங்கள்.

• பழகிய பிறகு பரிந்துரையைத் திரும்பப் போடுங்கள். பெட்டியில் வரும் பெயருக்குப் பக்கத்தில் சின்ன விளக்கம் இருக்கும். அதையும் படியுங்கள். ஒரு பாடப்புத்தகம் திறந்து இருப்பது மாதிரிதான்.

• ஏ.ஐ. தந்த வரியை ஏற்பதற்கு முன், ஒவ்வொரு டேகும் என்ன செய்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாத வரி இருந்தால், அதை அழித்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.

• பக்கத்தை ஏற்றுவதற்கு முன் மொழி வரி, ஆல்ட், டைட்டில் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். ஆண்டும் பெயரும் வரும் இடங்களை நம்பகமான ஒரு நூலோடு ஒப்பிடுங்கள்.

• கடைசியாக, கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் திரைவாசிப்பானைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தைக் கேளுங்கள். தமிழ்க் குரல் தேவையானால் முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். படங்களின் விளக்கமும் சேர்ந்து தமிழில் காதில் விழுந்தால், பக்கம் தயார்.